மீன் கூட்டத்துக்குத் தமிழில் தனிச்சொல் உண்டா?

ஆங்கிலத்தில் மீன் கூட்டத்தை ‘ஸ்கூல்’ என்றும் ‘ஷோல்’ என்றும் சொல்வதுபோலத் தமிழில் தனிச்சொல் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். எழுத்து வழக்கில் ‘மீன்கூட்டம்’ என்பதே போதுமானது. முதலில் ஒரு பிழையைச் சொல்லிவிடுகிறேன்: அந்த ‘ஸ்கூல்’ டச்சு மொழியிலிருந்து வந்தது, திரள் என்று பொருள்படுவது; பள்ளிக்கூடத்துக்கும் அதற்கும் உறவில்லை. ‘மீன்களின் பள்ளி’ என்று மொழிபெயர்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

குறுந்தொகையின் 9ஆம் பாடலில் கயமனார் ‘இனமீன் இருங்கழி’ என்கிறார். கூட்டமாகத் திரியும் மீன்களையுடைய கரிய உப்பங்கழி என்பது அதன் பொருள். அங்கும் ‘இனம்’ என்பது மீனுக்கே உரிய சொல்லன்று; வண்டுக்கும் யானைக்கும் அதுவே வரும். என் கணிப்பில், தமிழ்த் தொகைச்சொற்களுள் பல இன்ன உயிர் என்று பார்த்து அமைவதில்லை. அது திரண்டிருக்கும் வடிவத்தையும், மனிதர் அதைக் கையாளும் விதத்தையும் பார்த்தே அமைகின்றன. எறும்பு வரிசையாகப் போனால்தான் சாரை. சர்க்கரை டப்பாவில் மொய்த்துக் கிடப்பதை யாரும் சாரை என்பதில்லை. மேய்ச்சலுக்குப் போகும் ஆடுகள் மந்தை. அதே ஆடுகளை எருவுக்காக இரவில் வயலில் அடைத்துவைத்தால் கிடை. நெற்பயிரோ பருவத்துக்கொரு பெயர் பெறுகிறது: பறித்துக் கட்டிய நாற்று முடியாகிறது, அறுத்து வைத்த கதிர் அரியாகி, அரிகள் சேர்ந்து கட்டாகின்றன, அடித்து முடித்த வைக்கோல் போராகிறது. வாழைக்குச் சீப்பும் தாரும், வெற்றிலைக்குக் கவுளியும், பூவுக்குச் சரமும் இவ்வாறு வந்தவையே.

இந்தக் கண்ணோடு பார்த்தால் மீனுக்கும் ஒரு சொல் உண்டு, ஆனால் அது கடலில் இல்லை, சந்தையில் இருக்கிறது. சிறுவயதில் அம்மாவுடன் மாலைச் சந்தைக்குப் போகும்போது, மீன்காரப் பாட்டி ஈரச் சாக்கின்மேல் நெத்திலியையும் சாளையையும் சிறு சிறு குவியலாக வைத்திருப்பார். தராசு கிடையாது, கண்ணளவுதான். அம்மா விலை கேட்பது “கூறு எவ்வளவு?” என்றுதான். பேரம் முற்றினால் பக்கத்துக் குவியலிலிருந்து இரண்டு மீனை எடுத்துப் போட்டு, “இந்தா தாயி, கூறு பெருசாயிடுச்சு, எடுத்துக்க” என்பார். கூறு என்றால் பங்கு, பிரித்து வைத்த பகுதி. அதாவது நீரில் கூட்டமாக இருந்த மீன், கைப்பட்டுப் பிரிந்ததும் கூறாகிறது. வஞ்சிரம் போன்ற பெரிய மீனுக்கு இந்தச் சொல் பொருந்தாது. அதைத் துண்டு போட்டு எடைக்கு விற்பார்கள்.

ஆங்கிலத்தில் உயிரியலாளர்கள் வெறுமனே சேர்ந்திருக்கும் மீன்களை ‘ஷோல்’ என்றும், ஒரே திசையில் ஒருசேர நீந்துபவற்றை ‘ஸ்கூல்’ என்றும் பிரிக்கிறார்கள். மொழிபெயர்ப்பில் அந்த வேறுபாடு உங்களுக்குத் தேவைப்பட்டால், முதலாவதை மீன்கூட்டம் என்றும், இரண்டாவதை மீன்நிரை என்றும் எழுதலாம் என்பது என் பரிந்துரை. ஆநிரையில் வரும் நிரைக்கு வரிசை என்ற பொருளும் இருப்பதால், அணிவகுத்துச் செல்லும் மீன்களுக்கு அது இடறாமல் பொருந்துகிறது.