பனங்கட்டிக்குக் காபன் தடச் சான்றிதழ் எடுப்பது எப்படி?

யாழ்ப்பாணப் பனங்கட்டியை வெளிநாட்டில் வாங்குபவர் காபன் தடச் சான்றிதழ் (பொருளைச் செய்து அனுப்புவதில் வெளியாகும் பச்சைவீட்டு வாயுக்களின் மொத்தக் கணக்கு) கேட்கிறார், எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எந்த அளவுக்குக் கணக்கிடுவது என்ற அலகை முதலில் தீர்மானியுங்கள்: குட்டானோடு (பனங்கட்டி நிரப்பும் பனையோலைப் பெட்டி) சேர்த்து 1 கிலோ. பிறகு முழுப் பருவத் தரவையும் பொருளின் காபன் தடத்துக்கான சர்வதேச நியமமான ஐஎஸ்ஓ 14067:2018 முறைப்படி கணக்கிடுங்கள். கணக்குப் போட்டவரே அதைச் சரிபார்க்கக் கூடாது. சரிபார்க்கும் நிறுவனங்களுக்கான நியமமான ஐஎஸ்ஓ 14065 அங்கீகாரமுள்ள வேறு நிறுவனம் வேண்டும்.

பெரும்பாலும் சறுக்குவது விறகில்தான். கருப்பநீர் (பதநீர்) காய்ச்சும் விறகை யாரும் நிறுப்பதில்லை. "ஒரு கட்டு" என்ற கணக்கு சரிபார்ப்பவரிடம் எடுபடாது. ஒவ்வொரு காய்ச்சலுக்கும் தராசில் நிறுத்து, திகதியோடு கொப்பியில் எழுதுங்கள். விறகின் காபனீரொட்சைட்டைத் தனியாகக் காட்ட வேண்டும். புகையிலுள்ள மெதேனையும் நைதரசு ஒட்சைட்டையும் விட்டுவிடாதீர்கள், பலர் விடுவது அதைத்தான். லொறி டீசல் லீற்றருக்கு ஏறக்குறைய 2.7 கிலோ காபனீரொட்சைட்டு. பற்றுச்சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.