வேல்ஸ் எல்லைப் பலகையில் பார்த்த சொல் அகராதியில் இல்லையா?

ஜி-யில் தேடாதீர்கள், சி-யில் தேடுங்கள். 'க்ரோய்சோ இ கம்ரி' (வேல்ஸுக்கு நல்வரவு) என்ற பலகையில் கடைசிச் சொல் ஜி-யில் (Gymru) தொடங்கினாலும், அதன் மூல வடிவம் சி-யில் தொடங்கும் 'கம்ரி'தான் (Cymru).

காரணம் முன்னால் நிற்கும் 'இ'. 'க்கு' என்ற பொருள் தரும் அந்தச் சொல், அடுத்த சொல்லின் முதலெழுத்தை மென்மையாக்கிவிடும். நாம் 'கல்', 'தங்கம்' இரண்டிலும் ஒரே 'க' போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறோம். வெல்ஷ்காரர்கள் ஒலி மாறினால் எழுத்தையும் மாற்றிவிடுவார்கள்.

அகராதியில் கிடைக்காத சொல் எதுவானாலும் இப்படிப் பாருங்கள்:

1. ஜி-யில் தொடங்கினால் சி, பி-யில் (B) என்றால் ஆங்கில 'பென்'னின் முதலெழுத்து (P), டி-யில் (D) என்றால் 'டீ'யின் முதலெழுத்து (T).
2. உயிரெழுத்தில் தொடங்கினால், முன்னால் இருந்த ஒரு ஜி மறைந்திருக்கலாம்.

எல்லா ஜி-யும் மாறிவந்தது அல்ல. நாடு என்று பொருள்படும் 'க்வ்லாட்' இயல்பாகவே ஜி-யில்தான் தொடங்கும். அதனால் முதலில் உள்ளபடியே தேடிவிடுங்கள்.

'கம்ரி' என்றால் 'அந்நியர்' என்று நினைத்துவிடாதீர்கள், அந்தப் பொருள் இந்தச் சொல்லுக்கு இல்லை. அது ஆங்கிலேயர் வைத்த 'வேல்ஸ்' என்ற பெயரின் வேர். 'கம்ரி' பழைய பிரித்தோனிய மொழியின் (வெல்ஷின் முன்னோடி மொழி) 'கொம்ப்ரோகி'யிலிருந்து வந்தது: ஒரே நாட்டவர், நம்மவர். வட இங்கிலாந்தின் கம்ப்ரியாவும் இதே வேர்தான்.

பழைய ஏடுகளைப் படித்தால் மட்டும் கவனம். நாட்டின் பெயருக்கும் மக்களின் பெயருக்கும் இன்று கடைசி எழுத்து வேறு (Cymru, Cymry). அன்று அந்த வித்தியாசம் கிடையாது.