பைக்குள் வாடை, பஸ்ஸுக்குள் வாடை

கேள்வி: பெருங்குடல் ஆபரேஷனுக்குப் பிறகு மலம் சேருவதற்கு வயிற்றில் பை வைத்து ஒன்பது மாதம் ஆகிறது. வயது 61. சர்க்கரைக்கும் தைராய்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். செக்கப்புக்காக வேலூர் பஸ் ஏறினால் பக்கத்து சீட்காரர் எழுந்து போய்விடுகிறார். மெடிக்கலில் கேட்டதற்குக் கரி மாத்திரை கொடுத்தார்கள், பலனில்லை. அமெரிக்காவிலிருந்து மகன் பிஸ்மத் சப்கேலேட் என்ற வாடை குறைக்கும் மாத்திரை 200 மி.கி. அனுப்பினான். அங்கே சீட்டு இல்லாமலே விற்கிறார்களாம். நான்கு நாளாகச் சாப்பிடுகிறேன், மலம் கருப்பாகப் போகிறது. நிறுத்திவிடவா? - வாசகர், குடியாத்தம்.

பதில்: கருப்பு நிறத்துக்காக மட்டும் நிறுத்த வேண்டாம். அழுகிய முட்டை போல நாறுவது ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற கந்தக வாயு. குடலுக்குள் பிஸ்மத் அதைப் பிடித்து பிஸ்மத் சல்ஃபைடாக மாற்றிவிடும். அந்த உப்பின் நிறமே கருப்பு. மாத்திரையை மென்றால் நாக்கும் கருக்கும். வாய் கொப்பளித்து, பல் துலக்கும்போது நாக்கையும் தேய்த்தால் போய்விடும்.

ஆனால் இதே கருப்பு ஒரு ஆபத்தை மறைத்தும் விடும். இரைப்பையில் ரத்தம் கசிந்தாலும் மலம் கருக்கும். அது தார் போல ஒட்டும், பளபளக்கும், நாற்றம் வழக்கத்தைவிட மோசமாக இருக்கும். மாத்திரையால் வரும் கருப்பு அப்படி ஒட்டாது, நாற்றமும் குறைந்திருக்கும். தலைசுற்றல், படபடப்பு சேர்ந்து வந்தாலோ, மாத்திரையை நிறுத்திச் சில நாள் ஆகியும் நிறம் மாறாவிட்டாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள். இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கருக்கவைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அளவு: பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 200 முதல் 400 மி.கி., அதாவது ஒன்று அல்லது இரண்டு மாத்திரை. ஒரு நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் கூடாது. உங்களுக்குச் சாப்பாட்டோடு ஒன்று, மூன்று வேளை போதும். மலச்சிக்கல் வந்தால் குறையுங்கள்.

அளவைவிட நாள் கணக்குதான் முக்கியம். 1970களில் பிஸ்மத்தை நீண்ட நாள் சாப்பிட்டவர்களுக்கு மூளை பாதித்தது. பிரான்ஸில் நிறையப் பேர். ஆஸ்திரேலியாவில் உங்களைப் போலப் பை வைத்தவர்கள், இதே சப்கேலேட்டைச் சாப்பிட்டவர்கள். மறதி, குழப்பம், கை நடுக்கம், நடை தள்ளாட்டம் எனத் தொடங்கும். நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகும். வயதாகிவிட்டது என்று வீட்டார் விட்டுவிடக்கூடிய அறிகுறிகள் என்பதால் அவர்களிடமும் சொல்லிவையுங்கள். ஆரம்பித்த தேதியைக் காலண்டரில் குறியுங்கள். எட்டு வாரம் ஆனதும் நிறுத்தி, இன்னொரு எட்டு வாரம் இடைவெளி விடுங்கள். சர்க்கரை உள்ளவர் என்பதால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையும் பார்த்துக்கொள்ளுங்கள். சிறுநீரகம் பழுதாகியிருந்தால் இந்த மாத்திரையே வேண்டாம். டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளை இது உடலில் ஏறவிடாது. அவற்றை எழுதிக்கொடுத்தால், சாப்பிட்டு முடியும்வரை பிஸ்மத்தை நிறுத்துங்கள்.

கரி மாத்திரையை விட்டுவிடலாம். வெளியே கரி வாடையை உறிஞ்சும் என்பது உண்மைதான், ஆனால் விழுங்கிய கரி பெருங்குடலுக்குப் போய்ச் சேருவதற்குள் அதன் உறிஞ்சும் சக்தி தீர்ந்துவிடுகிறது. அதோடு உங்கள் தைராய்டு மாத்திரையையும் அது உறிஞ்சிக்கொள்ளும். வாயுவுக்குக் கொடுக்கும் சிமெத்திகோன் மாத்திரை வாயுக் குமிழியை உடைக்கும், நாற்றத்தைத் தொடாது.

இப்போது பஸ் விஷயம். நல்ல பை மூடியிருக்கும்போது வாடையை வெளியே விடாது. பையைக் காலி செய்யும்போது மட்டும் நாறினால் அது இயல்பு, அதற்கு மாத்திரை உதவும். மூடிய பையோடு உட்கார்ந்திருக்கும்போதே நாறுகிறது என்றால் எங்கோ கசிகிறது. அதற்கு எத்தனை மாத்திரை போட்டாலும் பலனில்லை. பையைத் தோலில் ஒட்டும் தட்டில் வெட்டிய ஓட்டை, ஸ்டோமாவைவிட (மலம் வெளிவர வயிற்றில் வைத்த குடல் வாய்) 2 முதல் 3 மி.மீ. மட்டுமே பெரிதாக இருக்க வேண்டும். ஆபரேஷன் முடிந்த புதிதில் எடுத்த அளவிலேயே ஒன்பது மாதமாக வெட்டிக்கொண்டிருந்தால் இப்போது அது பெரிதாகத்தான் இருக்கும், ஏனென்றால் ஸ்டோமா போகப்போகச் சுருங்கும். மறுபடி அளந்து பாருங்கள். தோலில் தேங்காய் எண்ணெயோ க்ரீமோ பட்டால் தட்டு ஒட்டாது. வெறும் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டு ஒட்டி, கையால் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், சூட்டில் பசை பிடிக்கும். வேலூர் வெயிலில் வியர்த்துப் பசை சீக்கிரம் இளகும். ஐந்து நாள் தாங்கிய தட்டைக் கோடையில் மூன்றாம் நாளே மாற்ற வேண்டியிருக்கும். தட்டுக்கு அடியில் அரித்தால் கசிவு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்துவிட்டு, பையின் அடியில் காலி செய்யத் திறக்கும் வால் பகுதியின் உள்பக்கத்தை டிஷ்யூவால் துடைத்த பிறகே கிளிப் போடுங்கள். பலர் விடுவது இந்த இடத்தில்தான். காற்று போகட்டும் என்று ஊசியால் குத்தாதீர்கள். பைக்குள் ஆஸ்பிரின் போடுவதும் வேண்டாம், ஸ்டோமா புண்ணாகி ரத்தம் வரும்.

பஸ் ஏறுவதற்கு முந்தின நாள் முட்டை, கருவாடு, பூண்டு, முட்டைகோஸ், மொச்சை வேண்டாம். ஆம்பூர் பிரியாணியை ஊர் திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மோர் பலருக்கு வாடையைக் குறைக்கிறது.

அடுத்த செக்கப்புக்கு மாத்திரை டப்பாவையே கொண்டுபோய்க் காட்டுங்கள். வயிற்றுக்கு எக்ஸ்ரேயோ சி.டி.யோ எடுப்பதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிஸ்மத் உலோகம், படத்தில் வெள்ளையாக விழும்.