கடிதத்தின் கடைசி வரி

சேலம் அம்மாபேட்டையிலிருந்து ஒரு நெசவாளர் (46): ஆறு வருடமாக சி.எம்.எல். ரத்தப் புற்றுநோய்க்கு இமாடினிப் சாப்பிட்டேன். 2001-ல் வந்த பழைய மருந்து அது, இப்போது செல் சிகிச்சை வந்துவிட்டது என்று வீடியோவில் பார்த்துப் பொங்கலோடு நிறுத்தி மூன்று மாதமாகிறது. பப்பாளி இலைச் சாறு குடிக்கிறேன். சரிதானா?

பதில்: சரியில்லை. நாளைக் காலை தறியில் உட்காராமல், சிகிச்சை பெற்ற புற்றுநோய்ப் பிரிவுக்குப் போங்கள்.

மாத்திரை சாப்பிட்டபோது கண் இமை வீங்கியது, கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். இமாடினிப் சாப்பிடும் பலருக்கும் வருபவைதான், ஆபத்தில்லை. ஆனால் கடைசி வரியில், 'நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைகிறது, இடப்பக்கம் கனக்கிறது' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, என் கவலை அதில்தான். இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் வீங்கி இரைப்பையை அழுத்தினால் இப்படி இருக்கும். மருந்தை விட்டவருக்கு இது வந்தால் நோய் மறுபடி தலைதூக்குகிறதா என்று உடனே பார்த்தாக வேண்டும். ரத்த அணு எண்ணிக்கை, ரத்தத்தில் நோயின் மரபணுத் தடம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் பிசிஆர் சோதனை இரண்டும் அவசரம். மூன்று மாதம் விட்டதை அங்கே மறைக்காதீர்கள். அதற்குள் காய்ச்சலோ ஈறில் ரத்தமோ வந்தால், நடுராத்திரியானாலும் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். சாற்றை இன்றே நிறுத்துங்கள்.

'பழைய மருந்து' என்கிறீர்கள். இந்த நோயின் செல்களில் ஒரு குரோமோசோம் (மரபணுக்களைச் சுமக்கும் இழை) மட்டும் குட்டையாக இருப்பதை 1960-ல் பிலடெல்பியாவில் கண்டார்கள். 9-ஆவது குரோமோசோமும் 22-ஆவதும் துண்டு மாற்றிக்கொண்டதன் விளைவு அது என்று 1973-ல் அமெரிக்க ஆய்வாளர் ஜேனட் ரௌலி காட்டினார். அதனால் உருவாகும் கோளாறான புரதத்தைக் குறிவைத்து அடக்கும் மருந்தான இமாடினிப் நோயாளியின் கைக்கு வர 2001 ஆனது. நாற்பத்தொரு வருடம்! 2013-ல் உச்ச நீதிமன்றம் இதன் காப்புரிமைக் கோரிக்கையை நிராகரித்ததால்தான் நம் ஊர்க்காரர்களுக்கு மலிவு விலை மாத்திரை தொடர்ந்து கிடைத்தது. அதைத்தான் அலமாரியில் போட்டிருக்கிறீர்கள்.

2023-ல் இந்தியாவில் அனுமதி பெற்ற கார்-டி செல் சிகிச்சை (நீங்கள் வீடியோவில் பார்த்த செல் சிகிச்சை இதுவாக இருக்கலாம்), பி செல் என்ற ஒரு வகை வெள்ளையணுவில் வரும் புற்றுநோய்களுக்கானது. உங்களுடையது வேறு வகை.

சாகும்வரை மாத்திரையா என்பதுதான் உங்கள் உண்மையான பயம் என்று நினைக்கிறேன். அதற்கும் ஆய்வு பதில் சொல்லியிருக்கிறது. பல வருடம் ஒழுங்காகச் சாப்பிட்டு, பிசிஆர் அளவு மிகக் கீழேயே நிலைத்திருப்பவர்களுக்கு, அடிக்கடி பரிசோதித்தபடி நிறுத்திப் பார்க்கிறோம். அவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேர் மாத்திரைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. உங்களுக்கு அது பொருந்துமா என்பது அப்புறம். நாளை போகும்போது பழைய பிசிஆர் அறிக்கைகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள்.