தனியாகப் பயணிப்பவருக்கு எந்த ஹார்ட்ஷெல் கூரைக் கூடாரம் எளிது?

தனியாகக் காரில் சென்று முகாமிடுபவர் யார் உதவியும் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய ஹார்ட்ஷெல் கூரைக் கூடாரம், அதாவது காரின் கூரைமேல் பொருத்தும், கெட்டியான ஓடும் மூடியும் கொண்ட கூடாரம், எது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களிடம் நடுத்தர எஸ்யூவி ஒன்று இருக்கிறது என்றும், கூப்பிட்ட குரலுக்குக் கைகொடுக்க ஆள் இல்லை என்றும் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் எந்த நிறுவனத்துக்கும் வேண்டியவள் அல்ல. மெல்போர்னில் வசிக்கிறேன், ஐம்பதைத் தாண்டியவள், உயரம் 5 அடி 1 அங்குலம். உயரத்தைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

விற்பவர்கள் எல்லோரும் திறப்பதைத்தான் காட்டுகிறார்கள். பெரும்பாலானவற்றில் தாழ்ப்பாளை விடுவித்ததும் கேஸ் ஸ்ட்ரட்டுகள் (வாயு அடைத்த தாங்குதண்டுகள்) மூடியை உயர்த்திவிடும். அதில் பெருமைப்பட எதுவும் இல்லை. மூடுவதுதான் வேலை. நான் முதலில் போன கடையில் ஆறடி உயர விற்பனையாளர் ஒருவர் ஒரே இழுப்பில் மூடிக் காட்டினார். நானே ஒருமுறை மூடிப் பார்க்கிறேன் என்றதற்கு, “உங்கள் கணவர் உடன் வருவார் அல்லவா, அவர் பார்த்துக்கொள்வார்” என்றார். வரமாட்டார் என்று சொன்ன பிறகும், மூடியை இழுத்து இறக்கும் பட்டையை என் கையில் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. பெண் தனியாகப் போகிறாள் என்றால் பொருளுக்கு முன்னால் புத்திமதியை விற்கத் தொடங்கிவிடுகிறார்கள். அங்கே வாங்காமல் வந்துவிட்டேன். இன்னொரு கடையில் விற்பனையாளரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, எல்லா வகைகளையும் நானே திறந்து மூடிப் பார்த்த பிறகுதான் முடிவெடுத்தேன்.

இத்தாலியின் ஆட்டோஹோம் நிறுவனம் 1958 முதல் செய்துவரும் மாஜியோலினா போல, மூடி முழுவதும் நேராக மேலெழும்பும் வகை ஒன்று. உள்ளே எல்லா மூலையிலும் ஒரே உயரம் கிடைக்கும். ஆனால் நான்கு பக்கத் துணியையும் உள்ளே தள்ள வேண்டும். ஐகேம்பரின் ஸ்கைகேம்ப் போலப் பக்கவாட்டில் விரியும் வகை குடும்பத்துக்கு அருமையானது. தனியாளுக்கு அந்த அகலமும் தேவையில்லை, ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாக மாட்டிக் கழற்றும் வேலையும் தேவையில்லை. ஒரு முனையில் கீல், மறு முனையில் தாழ்ப்பாள் என்று ஆப்பு வடிவில் திறக்கும் வகையைத்தான் நான் தேர்ந்தெடுத்தேன். கால்மாட்டில் நிமிர்ந்து உட்கார முடியாதுதான். தூங்கப் போகும் இடத்தில் அது எனக்கு ஒரு குறையாகப் படவில்லை.

மூடும் முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். முதலில் ஜன்னல் ஜிப் ஒன்றைக் கையகலம் திறந்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே அடைபட்ட காற்று வெளியேற வழியின்றிப் பக்கத் துணியைப் புடைக்கச் செய்து, ஓட்டின் விளிம்புக்கு வெளியே தள்ளிவிடும். பிறகு துணியைச் சுற்றி எலாஸ்டிக் கயிற்றை மாட்ட வேண்டும். மூடி இறங்கும்போது துணியை உள்நோக்கி இழுப்பது அதுதான். பட்டையை இழுத்து மூடியை முக்கால்வாசி இறக்கிய பிறகு, காரைச் சுற்றி வந்து பிதுங்கும் துணியை விரலால் உள்ளே தள்ளிவிட்டுத்தான் தாழிட வேண்டும். ரப்பர் விளிம்பில் ஒரு விரலளவு துணி சிக்கியிருந்தாலும், வழியில் பெய்யும் மழை அதன் வழியே ஊறி மெத்தைக்கு வந்துவிடும். இத்தனையையும் தரையிலோ கதவுப் படியிலோ நின்று செய்ய உங்கள் கை எட்டுகிறதா என்பதைக் கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

கேஸ் ஸ்ட்ரட்டின் வலிமை வெப்பநிலையோடு மாறும். 0 டிகிரியில் இருப்பதைவிட 40 டிகிரியில் உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தம் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு கூடுதல். கிராம்பியன்ஸ் மலைப்பகுதியின் குளிர்கால விடியலில் சொன்னபடி கேட்கும் மூடி, கோடை மதியத்தில் முரண்டு பிடிப்பது அதனால்தான். குளிரூட்டிய காட்சியறையில் இது தெரியாது.

எடையையும் கவனியுங்கள். காரின் கையேட்டில் உள்ள கூரைச் சுமை வரம்பு ஓடும் காருக்கானது. என் சுபாரு ஃபாரெஸ்டருக்கு அது 80 கிலோ; சுஸுகி ஜிம்னிக்கு வெறும் 30 கிலோ. கூடாரத்தோடு, அதைத் தாங்கக் கூரையின் குறுக்கே பொருத்தும் கிராஸ்பார்களின் எடையும் அந்தக் கணக்கில் சேரும். கிராஸ்பார்களுக்கென்று தனி வரம்பும் உண்டு. ஹார்ட்ஷெல்கள் பெரும்பாலும் 50 கிலோவுக்கு மேல்தான். நின்றிருக்கும் காரின் கூரை பல மடங்கு தாங்கும் என்பதால், ஏறிப் படுப்பவரின் எடையை நினைத்து அஞ்ச வேண்டாம்.

“இதெல்லாம் எதற்கு, ஒரு ஸ்வாக் போதுமே” என்று இங்கே ஒருவராவது எழுதுவார். தரையில் விரித்துப் படுக்கும் அந்தக் கான்வாஸ் படுக்கை மலிவானது, உறுதியானது, மறுக்கவில்லை. என் முழங்கால்கள் அதிலிருந்து எழ மறுக்கின்றன, அவ்வளவுதான். கூரைக் கூடாரத்திலும் தொல்லைகள் உண்டு: நள்ளிரவில் ஏணியில் இறங்க வேண்டும், ஒரு பால் பாக்கெட் வாங்கப் போவதென்றாலும் எல்லாவற்றையும் மடக்க வேண்டும், ஈரத்தோடு மடக்கினால் வீட்டுக்கு வந்ததும் திறந்து உலர்த்த வேண்டும். ஆக, மூடும் வேலை வீட்டிலும் விடாது.

கழற்றி மாட்ட இன்னொருவர் தேவை என்பதால் என்னுடையது ஆண்டு முழுவதும் காரின் மேலேயே இருக்கிறது. பெட்ரோல் சற்றுக் கூடுதலாகச் செலவாகிறது. பல வாகன நிறுத்தக் கட்டடங்களில் உயர வரம்பு உண்டு என்பதால், கூடாரத்தோடு சேர்த்து காரின் உயரத்தை அளந்து ஸ்டியரிங்குக்கு அருகே ஒட்டி வைத்திருக்கிறேன்.