கார் பட்டறை கேள்வி பதில்: கொட்டகையில் நிற்கும் போர்ஷே

(காரைக்குடியில் பட்டறை நடத்தும் மூத்த மெக்கானிக் பதில் தருகிறார்)

தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி: மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். அவனுடைய 2007 போர்ஷே 911 இங்கே கொட்டகையில் நிற்கிறது. பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ வந்தால்தான் எடுப்பான். போன தடவை ஸ்டார்ட் செய்ததும் பின்னால் ஒரே புகை. கூடவே டிக் டிக் என்று சத்தம். டிரைவர் "இது எப்பவும் வர்றதுதான் ஆச்சி" என்கிறார். நம்பலாமா?

பாதி நம்பலாம் ஆச்சி. பெரும்பாலான கார்களில் நிமிர்ந்தோ சாய்ந்தோ இருக்கும் சிலிண்டர்கள் 911-இல் இரண்டு பக்கமும் படுத்திருக்கும். வண்டி மாதக்கணக்கில் நின்றால் கொஞ்சம் ஆயில் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி உள்ளே கசியும். முதல் ஸ்டார்ட்டில் அது எரிந்து நீலமும் வெள்ளையுமாகப் புகை வரும். ஒரு நிமிடத்தில் அடங்கிவிட்டால் டிரைவர் சொன்னது சரி. அடங்காமல் தெருவே மறைகிற மாதிரி வெள்ளைப் புகை வந்துகொண்டே இருந்தால், ஆயில் ஆவியைப் பிரிக்கிற செபரேட்டர் கிழிந்திருக்கும். உடனே எஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள். அது பெரிய செலவில்லை. ஆனால் அப்படியே ஓட்டினால் எஞ்சின் ஆயிலையே உறிஞ்சிக் குடித்துவிடும்.

சத்தத்துக்கு வருவோம். ரொம்ப நாள் நின்ற வண்டியில், வால்வை அழுத்துகிற டப்பட்டுக்குள் இருந்த ஆயில் வடிந்துபோயிருக்கும். ஆயில் மறுபடி ஏறும் வரை டிக் டிக் என்று அடிக்கும், சூடேறியதும் நின்றுவிடும். அதற்குக் கவலை வேண்டாம். நான் பயப்படுவது தலைகீழாக வருகிற சத்தத்துக்கு. குளிரில் சும்மா இருந்துவிட்டு, இருபது நிமிடம் ஓடிச் சூடான பிறகு ஒரு பக்கத்தில் மட்டும் தட்ட ஆரம்பித்தால் சிலிண்டர் சுவரில் கோடு விழுந்திருக்கலாம். அந்த வருடத்து 911-களில், அதிலும் 3.8 லிட்டர் எஞ்சினில், இது அறிந்த வியாதிதான். இதற்கு இன்னும் இரண்டு சாட்சிகள் உண்டு: பின்னால் இருக்கும் சைலன்சர் வாய்களில் ஒரு பக்கம் மட்டும் கரி அப்பியிருக்கும், ஆயிலும் முன்பைவிடச் சீக்கிரம் குறையும். ஆயில் அளவைப் பார்க்க இந்த வண்டியில் குச்சி கிடையாது, டாஷ்போர்டுத் திரையில்தான் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டு முகப்புச் சரிவில் நிறுத்திப் பார்த்தால் கணக்குத் தப்பும். சமதரையில் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்த முறை ஆயில் மாற்றும்போது பழைய ஃபில்டரைத் தூக்கிப்போட விடாதீர்கள். நான் என்ன செய்வேன் என்றால், ஃபில்டரை அறுத்து, மடிப்பு மடிப்பாக இருக்கிற காகிதத்தைப் பிரித்து, வெயிலில் விரித்து வைப்பேன். ஆயில் வடிந்ததும் அதைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தால் மினுக்குவது தெரியும். ஒரு காந்தத்தைக் காகிதத்துக்கு அடியில் நகர்த்துவேன். மினுக்குவது காந்தத்தோடு சேர்ந்து நகர்ந்தால் அது இரும்பு. பேரிங் மாதிரி ஏதோ ஓர் இரும்புப் பாகம் தேய்கிறது என்று அர்த்தம். நகராமல் கிடந்தால் அலுமினியம், பிஸ்டன் அல்லது சிலிண்டர் பக்கம் சந்தேகம். பழுப்புத் துணுக்குகள் நகத்தில் வளைந்தால் அவை செயின் உராயும் பிளாஸ்டிக். இரண்டொரு பொடிக்கெல்லாம் எஞ்சினைப் பிரிக்க வேண்டாம். கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற சிம்பு இருந்தால் வண்டியை ஓட்டாமல், ஃப்ளாட்பெட் லாரியில் ஏற்றி, ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியாகச் சின்ன கேமரா விட்டுப் பார்க்கிற இடத்துக்கு அனுப்புங்கள். சென்னை இங்கிருந்து 400 கிலோமீட்டர். லாரி வாடகை பெரிதாகத் தோன்றும், தோன்றட்டும். எஞ்சின் விலையை உங்கள் மகனிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கானாடுகாத்தானிலிருந்து ஒரு வாசகர்: அப்பச்சியின் ஜாகுவார் எஃப்-டைப்பை வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கிறேன். சமீபமாக அணைத்த பிறகு இனிப்பாக ஒரு வாசனை வருகிறது. கீழே ஒரு சொட்டுக்கூட இல்லை. டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை.

தம்பி, விளக்குக்காகக் காத்திருக்காதீர்கள். அது கூலண்ட் வாசனை. இந்த சூப்பர்சார்ஜர் எஞ்சின்களில் கூலண்ட் போகும் குழாய்கள் சில பிளாஸ்டிக். சூட்டில் இறுகி, ஒட்டுகிற இடத்தில் மயிரிழையாக விரியும். கசிகிறது சூடான எஞ்சின் மேலேயே விழுந்து ஆவியாகிவிடுவதால் தரையில் சொட்டு இருக்காது. குளிர்ந்த பிறகு பானட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். குழாய் இணைப்பில் ஆரஞ்சோ வெள்ளையோ பொருக்கு காய்ந்து ஒட்டியிருந்தால் அங்கேதான் கசிவு. கூலண்ட் தொட்டியில் மட்டம் எங்கே நிற்கிறது என்று கோடு போட்டு வைத்து, அடுத்த வாரம் மறுபடி பாருங்கள்.

வெப்ப முள் நடுவில்தானே நிற்கிறது என்று நினைக்க வேண்டாம். கூலண்ட் முழுக்க இறங்கிப்போனால் சென்சார் காற்றில் தொங்கும், முள் நம்மை ஏமாற்றும். அலுமினிய எஞ்சின் அதிகமாகச் சூடேறினால் அதன் மேல்பகுதியான ஹெட் வளைந்துவிடும். அப்புறம் குழாயின் விலையைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். வழியில் மட்டம் குறைந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றாதீர்கள். நம் சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிக்கத்தான் அமிர்தம். ரேடியேட்டருக்குச் சுத்திகரித்த தண்ணீரும் சரியான கூலண்டும்தான்.

அந்தப் பத்து நிமிட ஐட்லிங்கையும் விட்டுவிடுங்கள். எஞ்சின் முழுச் சூட்டுக்கு வருவதில்லை. ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆயிலில் சேர்வதுதான் மிச்சம், பேட்டரியும் நிறையாது. பேட்டரிக்கு, மெதுவாக கரண்ட் ஏற்றிக்கொண்டே இருக்கிற டிரிக்கிள் சார்ஜர் மாட்டுங்கள். மாதம் ஒன்றிரண்டு முறை குன்றக்குடி வரைக்கும் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு, பிள்ளையார்பட்டி வழியாகச் சுற்றி வாருங்கள். வண்டிக்கும் நல்லது.

பள்ளத்தூரிலிருந்து ஒருவர்: ரொம்ப நாள் நின்ற என் போர்ஷே கேமனை எடுத்தால் பிரேக்கில் கரகரவென்று சத்தம். ஏ.சி.யும் முன்போல் இல்லை. டயரில் பட்டன் அப்படியே புதுசாக இருக்கிறது.

டிஸ்க்கில் துரு படிந்த சத்தம் நாலைந்து பிரேக்கில் போய்விடும். போகாமல் பெடல் காலில் அதிர்ந்தால் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். பெடல் மெத்தென்று அமுங்கினால் வண்டியை எடுக்கவே வேண்டாம். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும்.

நீங்கள் எழுதியிருப்பது கேமன். எஞ்சின் நடுவில் இருந்தாலும் ரேடியேட்டர்கள் முன் பம்பருக்குள் இரண்டு பக்கமும் இருக்கும், அவற்றுக்கு முன்னால் ஏ.சி. கண்டென்சர். நம் ஊர்ச் செம்மண் தூசியும் வேப்பஞ்சருகும் அந்த வாயில் போய் அடைந்து, ஈரத்தில் ஊறி, உலோகத்தை அரிக்கும். ஏ.சி. மந்தமானதும் கேஸ் அடிக்கக் கிளம்பிவிடாதீர்கள். முதலில் பம்பரைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

டயர் பக்கச் சுவரில் நாலு எண் இருக்கும். 2316 என்றால் 2016-இன் 23ஆவது வாரம் செய்தது. பட்டன் எவ்வளவு இருந்தாலும் அவ்வளவு பழைய டயரில் வேகம் போகாதீர்கள்.

காரைக்குடியிலிருந்து ஒரு வாசகர்: கோயம்புத்தூரில் 2008 போர்ஷே பாக்ஸ்டர் ஒன்று, 2010 பாக்ஸ்டர் ஒன்று விலைக்கு வருகின்றன. எதைப் பார்ப்பது?

2010-ஐ முதலில் பாருங்கள். 2009 மாடலிலிருந்து எஞ்சின் புதுசு. பழைய எஞ்சினில் பலரைக் கவிழ்த்த இன்டர்மீடியட் ஷாஃப்ட் பேரிங் (எஞ்சினுக்குள் இருக்கும் இடைத் தண்டைத் தாங்குகிற பேரிங்) இதில் கிடையவே கிடையாது. அதற்காக 2008-ஐ ஒதுக்க வேண்டியதில்லை. ஆயில் மாற்றிய பில்கள் வரிசையாக இருந்தால், ஃபில்டரை அறுத்துப் பார்க்கச் சம்மதித்தால், தாராளமாகப் பேசலாம்.

எந்த வண்டியானாலும் "நான் வந்து சேர்ந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தெரிந்தால் யாரோ முன்பே ஓடவிட்டு, முதல் சத்தத்தையும் முதல் புகையையும் முடித்து வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு விலை பேசாதீர்கள். ராத்திரி அங்கேயே தங்கி, மறுநாள் காலையில் சொல்லாமல் போய் நில்லுங்கள்.