பல் ஸ்டெம் செல்லை ஆய்வகத்தில் எப்படி வளர்க்கிறார்கள்?

பல்லின் நடுவே இருக்கும் மென்மையான சதைதான் பற்கூழ். அதில், பெருகவும் வேறு திசுவாக மாறவும் முடிகிற செல்கள் கொஞ்சம் உண்டு. அவையே பல் ஸ்டெம் செல்கள். பிடுங்கிய ஞானப்பல்லில் இவை இருப்பதாக 2000இலும், விழுந்த பால்பல்லில் இருப்பதாக 2003இலும் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்.

ராமநாதபுரம் கடற்கரையில், மண்டபம் பக்கம் பாசி வளர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிறு துண்டுகளைக் கயிற்றில் கட்டி மூங்கில் மிதவையில் விட்டால், சுமார் 45 நாளில் கொத்தாகிவிடும். அதிலிருந்தே அடுத்த விதைத்துண்டு. ஆய்வகத்திலும் அதே கதைதான். தட்டில் விட்ட செல்களுக்கு 37 டிகிரி சூட்டில் சத்துநீர். தட்டு நிறைந்ததும் பிரித்து வேறு தட்டுகளுக்கு. (அங்கே மீன் கடிக்கும், இங்கே கிருமி கெடுக்கும்!) பாசிக்குக் கயிறு மாதிரி, திசுவாகத் திரள இந்தச் செல்களுக்கும் ஒரு சாரம் (பிடித்து வளரத் தாங்கும் சட்டகம்) வேண்டும்.

இதனால் முழுப்பல்லே முளைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இவற்றிலிருந்து எதிர்பார்ப்பது பற்கூழும் அதைச் சுற்றிய கடினத் திசுவும்தான், எனாமலை உண்டாக்கும் செல்களோ பல் முளைக்கும்போதே அழிந்துவிடுகின்றன.